பில் முளைத்த புஞ்சை

நம்புகிறவர்களுக்கு இது நடந்த கதை. நம்பாதவர்கள் உப்போடைப்பட்டி கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்த வருடத்து அடங்கலை வாங்கிப் பார்க்கட்டும். வேலுத்தாயின் புஞ்சைக்கு நேரே மக்காச்சோளம் என்று எழுதி, அதற்குக் கீழே இதர பயிர், பில், ஒரு செடி என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார்.

வேலுத்தாய்க்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஆள் குட்டை, குரல் பெரிது. புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்து கரிசல் நெகிழ்ந்ததும் விதைப்பு தொடங்கும். ஏர் போய் டிராக்டர் வந்து, டிராக்டருக்குப் பின்னால் விதைக்கிற இயந்திரமும் வந்த பிறகுகூட, அந்த ஊரில் ஒரு வழக்கம் மட்டும் போகவில்லை. எந்தப் புஞ்சையானாலும் முதல் பிடி விதை வேலுத்தாயின் கையிலிருந்துதான் விழ வேண்டும். அவள் கை பட்டால் கல்லிலும் முளைக்கும் என்பார்கள். கல்லில் யாரும் போட்டுப் பார்த்ததில்லை, ஆனாலும் அப்படித்தான் சொல்வார்கள். முதல் பிடி போடுகிறவளே விதையையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதால், அவள் உள்ளங்கையில் நாலு விதையை உருட்டிப் பார்த்து ‘எடுத்துக்கோங்க’ என்று சொன்ன பிறகுதான் மற்ற பெண்கள் மூட்டையைத் தூக்குவார்கள்.

சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பொதுவாக இன்னொரு வழக்கமும் உண்டு, வினையே அதில்தான் வந்தது. விதைப்பு முடிந்த கையோடு, மூட்டையில் தைத்திருக்கும் அட்டையையும் கடையில் தந்த பில்லையும் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டோடு சேர்த்துப் புஞ்சையின் ஈசானிய மூலையில் புதைத்துவிடுவார்கள். விதை களவாடி வந்ததில்லை என்று மண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். மண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது; மனுசருக்குக் காட்டத்தான் ஊரில் ஒருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. இந்த விஷயம் டவுனில் விதைக்கடை வைத்திருந்த ஞானகுருவுக்கும் தெரியும்.

ஞானகுருவுக்கு நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய அக்கா, தங்கச்சி. சுற்றுப்பட்டுப் பதினெட்டு ஊருக்கும் விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் அவர் கடைதான். அந்த வருடம் அவர் இறக்கிய வீரிய ஒட்டு மக்காச்சோள மூட்டைகள் பளபளவென்று இருந்தன, உள்ளே விதை மருந்து தடவிய ரோஸ் நிறத்தில் மின்னியது. வேலுத்தாய் வழக்கம்போல உருட்டிப் பார்த்தாள். கையெல்லாம் சாயம் ஒட்டியது; மருந்து இந்த வருடம் தூக்கலாகப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ‘எடுத்துக்கோங்க’ என்றாள். அந்த வருடம் மக்காச்சோளம் போட்ட ஆறு பெண்கள் அவளை நம்பி எடுத்தார்கள்.

பயிர் ஆள் உயரம் வளர்ந்தது, அதற்குமேலும் வளர்ந்தது, காற்றில் சலசலவென்று பேசியது, கதிர் மட்டும் வைக்கவில்லை. வைத்த இரண்டொரு கதிரை உரித்தால் பல் விழுந்த பிள்ளையின் வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. மார்கழி பிறந்ததும் ஏழு பெண்களும் சோளத் தட்டையைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்குப் போனார்கள். ஞானகுரு தட்டையை வாங்கி மேலும் கீழும் பார்த்தார், உச்சுக் கொட்டினார்.

“வெதையில ஒண்ணும் இல்ல தங்கச்சி. ஊரெல்லாம் இதே மூட்டைதான் போயிருக்கு, ஒருத்தரும் குறை சொல்லல. ஆமா, மொத பிடி யாரு போட்டது?”

ஆறு பேரும் வேலுத்தாயைப் பார்த்தார்கள்.

“கைராசின்னு ஒண்ணு இருக்குல்லா அக்கா,” என்றார் ஞானகுரு, துக்க வீட்டில் பேசுகிற குரலில். “அது எல்லா வருசமும் ஒண்ணு போல இருக்குமா? போனா போனதுதான்.”

அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சொல் பஸ்ஸிலேயே ஊருக்கு வந்துவிட்டது. மறுநாள் வெங்காய நாற்று நடப்போன மேலத்தெரு வீட்டில் வேலுத்தாயைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டில் பந்தல்கால் நட்டபோது, அவள் பால் ஊற்றக் கை நீட்டியதும் ஒரு பெண் செம்பை நாசூக்காக அந்தப் பக்கம் நகர்த்தினாள். வேலுத்தாய் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்து, செத்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அழுதாள். அவள் புருஷன் குருவையா வெளியே நின்று, “ஏளா, சோத்துக்கு என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று தானே உலை வைத்தார்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் வேலுத்தாய் வீட்டில் இருக்க மாட்டாள். விசாரித்து விசாரித்து, ஜில்லாத் தலைநகரில் நுகர்வோர் குறைதீர் ஆணையம் என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய் நின்றாள். அங்கே கண்ணாடி போட்ட குமாஸ்தா அம்மா ஒருத்தி தலை நிமிராமலே எல்லாவற்றையும் கேட்டாள், கேட்டு முடித்ததும் நிமிர்ந்தாள்.

“வக்கீல்கூட வேண்டாம்மா. நடந்ததை வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுங்க, நீங்களே நின்னு பேசலாம். பில் இருக்குல்ல?”

“மண்ணுல இருக்கு.”

“எடுத்துட்டு வாங்க,” என்றாள் அந்த அம்மா, ஏதோ பீரோவில் இருக்கிறதென்று சொன்ன மாதிரி.

வேலுத்தாய் வந்து ஈசானிய மூலையைத் தோண்டினாள். மூன்று மாத மழையில் தாள் கூழாகிப்போயிருந்தது. ஒரு விரல்கடை மஞ்சள் துண்டும் கறுத்த சகதியும்தான் கையில் வந்தன. பிறகு, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதற்காக, சகதியைக் குழியிலேயே போட்டு, தன் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள்.

எட்டாம் நாள் பில் முளைத்தது.

முதலில் இரண்டு இலை. தாள் மாதிரி மெல்லிசு, வெளிர்பச்சை நிறம், நாலு மூலையும் சதுரம். அதற்கு மூன்றாம் நாள் இலை விரிந்தபோது ஞானகுருவின் கடைப்பெயர் மேலேயும், அதற்குக் கீழே தேதியும், விதையின் குவியல் எண்ணும், வேலுத்தாய், உப்போடைப்பட்டி என்ற பெயரும் தெளிவாகத் தெரிந்தன. இலை நரம்பே எழுத்தாக ஓடியிருந்தது. அடியில் ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்பதும் விடுபடாமல் முளைத்திருந்தது.

ஊர் வந்து பார்த்தது. இப்படியெல்லாம் நடக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இதற்கு யூரியா வைக்கலாமா கூடாதா என்பதுதான் டீக்கடையில் இரண்டு நாள் சண்டையாக இருந்தது. வைத்தால் எழுத்து தடிக்கும் என்றார் ஒருவர், எழுத்து கருகும் என்றார் இன்னொருவர், கடைசியில் எரு மட்டும் போதும் என்று முடிவானது. கிராம நிர்வாக அலுவலர் வந்து, இது தானியத்தில் சேருமா தோட்டப்பயிரில் சேருமா என்று தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டு, அங்கே ஒருவருக்கும் தெரியாததால் இதர பயிர் என்று எழுதிக்கொண்டு போனார். காணாமல் போன பட்டாவின் ஜெராக்ஸைப் புதைத்துப் பார்த்தார் ஒருவர், கல்யாணத்துக்கு வந்த மொய்ச்சீட்டைப் புதைத்தார் இன்னொருவர், கரையான்தான் வந்தது. சீனியம்மாவின் ஆடு ஒரு ஓரத்து இலையைத் தின்றுவிட, அவள் இரண்டு நாள் ஆட்டைக் கட்டிப்போட்டுப் புழுக்கையைச் சோதித்தாள், அதில் எழுத்து ஒன்றும் இல்லை.

வேலுத்தாய் தன் பெயர் போட்ட இலையைக் கிள்ளினாள். கிள்ளிய மாத்திரத்தில் அது அவள் கையில் தாளாகிப்போனது, அசல் பில், கார்பன் வாசனையோடு. குமாஸ்தா அம்மா அதை வாங்கி, ஓரத்தில் இருந்த காம்பைப் பார்த்து, கத்தரியால் காம்பை நறுக்கிவிட்டுப் புகார் மனுவோடு நூல் கோத்தாள். ஞானகுருவுக்கு நோட்டீஸ் போனது.

நோட்டீஸ் போன நாலாம் நாள், நல்ல மத்தியானத்தில், ஞானகுரு காரில் வந்து இறங்கினார். செடி அதற்குள் இடுப்புயரம் வளர்ந்து, கிளைக்குக் கிளை இலை விட்டிருந்தது. ஆறு பெண்களின் பெயர்களும் வந்திருந்தன. அதற்குமேல் முளைத்தவை யார் யார் பெயரோ, எந்தெந்த ஊரோ. ஞானகுரு செடியைப் பார்க்காத மாதிரி பார்த்தார். பெண்கள் கூடிவிட்டார்கள்.

“அக்கா, நமக்குள்ள எதுக்கு கோர்ட்டு கச்சேரி? நான் ஒண்ணு சொல்லுதேன். அடுத்த போகத்துக்கு உங்க ஏழு பேருக்கும் வெதை, உரம், மருந்து எல்லாம் என் பொறுப்பு. சும்மாவே தாரேன். நீங்க ஒத்த வார்த்தை எழுதிக் குடுத்தா போதும். வெதை நல்ல வெதைதான், கை சரியில்லாமப் போச்சுன்னு.”

நல்ல பேரம்தான். தட்டை மாட்டுக்குப் போய், அடுப்புக்குப் போய், வெறும் நிலமும் கையுமாக நின்ற பெண்களுக்கு அது சாமி வந்து கேட்ட மாதிரி இருந்தது. சீனியம்மா, அவள்தான் ஆறு பேரில் மூத்தவள், பெரிய மகளைக் கட்டிக்கொடுக்க அந்த வெள்ளாமையை நம்பியிருந்தவள், வேலுத்தாயின் முழங்கையைப் பிடித்தாள்.

“மதினி, ஒத்த வார்த்தைதான? உன் கையி என்ன தேஞ்சா போயிரும்? எங்களுக்காகச் சொல்லு. நீ சொல்லித்தான நாங்க வெதைச்சோம்?”

அந்தக் கடைசி வார்த்தை வேலுத்தாயின் நெஞ்சில் போய் நின்றது. சொல்லிவிடலாம் என்றுகூட வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கண் செடியில் இருந்தது. பெயர் தெரியாத ஊர்களின் பெயர்கள் அதில் ஆடிக்கொண்டிருந்தன.

“நான் சொல்லி வெதைச்சீங்க. அதனாலதான் பொய் சொல்ல மாட்டேன்,” என்றாள். “நான் இப்ப கை சரியில்லன்னா, இவரு அடுத்த வருசமும் இதையே விப்பாரு. எந்த ஊருல எவ கை சரியில்லாமப் போகுமோ.”

ஞானகுரு காரில் ஏறினார். சீனியம்மா முழங்கையை விட்டாள், விட்டது மட்டுமில்லை, அன்றிலிருந்து பேச்சையும் விட்டாள். ஆறு பேரும் தங்கள் பெயர் போட்ட இலையைக் கிள்ளவில்லை. ஒருநாள் விடிந்தபோது செடியைச் சுற்றிக் களைக்கொல்லி நெடி அடித்தது. கோரையும் அறுகும் கருகிக் கிடந்தன, செடி மட்டும் ஒரு சாண் கூடுதலாக நின்றது. யார் அடித்தது என்று வேலுத்தாய் விசாரிக்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

ஏனென்றால் முதல் வாய்தாவிலேயே ஞானகுருவின் வக்கீல் எழுந்து, இத்தனை ஊருக்கு விற்ற விதையில் இந்த ஒரு அம்மாதான் குறை சொல்கிறார், ஆகவே குறை விதையில் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஒரு பில்லால் ஆகாது என்று வேலுத்தாய்க்குப் புரிந்துபோனது. அவள் செடிக்கு ஒரு கும்பிடு போட்டு, வெளியூர்க்காரர்களின் இலைகளைக் கிள்ளி, ஈரத்துணி விரித்த பனைநார்ப் பெட்டியில் அடுக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அடுத்தவர் இலை அவள் கையில் தாளாகவில்லை, வாடவும் இல்லை. உரியவர் கை படும்வரை பச்சையாகவே இருந்தது.

தை போய் மாசி வந்தது, மாசி போய்ப் பங்குனி வந்தது, வேலுத்தாய் நடந்தாள். ஓடை தாண்டி நடந்தாள், காற்றாடிக் கம்பங்களுக்கு ஊடே நடந்தாள், பஸ் போகாத ஊருக்கு மினிலாரியில் தொற்றிப் போனாள். கண்டக்டர்கள் அவளைத் தெரிந்துகொண்டு, ‘பில்லுக்காரம்மா, இன்னைக்கு எந்த ஊரு?’ என்று கேட்டு இடம் போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இலையைக் கையில் கொடுத்து, அது தாளாவதை அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, நடந்ததைச் சொன்னாள். சிலர் கூப்பாடு போட்டுத் தெருவைக் கூட்டினார்கள். சிலர் பில்லை மடித்து வைத்துக்கொண்டு, ‘எதுக்கும்மா வம்பு’ என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு ஊரில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு ஊரில் ஒரு மனுசன் பில்லைப் பார்த்ததும் இடிந்துபோய், “ஒழுங்கா தண்ணி பாய்ச்சலைன்னு என் பெண்டாட்டியை அடிச்சிட்டேனே தாயி,” என்று அழுதான். கையெழுத்துப் போட்டவர்கள் போட்டார்கள், போடாதவர்களை அவள் வையவில்லை. அப்படி ஒரு பொறுமை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று குருவையாவுக்கே தெரியவில்லை. வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் சோற்றுத் தட்டை நகர்த்துகிறவள் அவள்.

பெட்டியில் கடைசியாக ஒரு இலை மிஞ்சியது. அமிர்தம், வடக்கு நெடுங்குளம் என்று இருந்தது. ஓட்டு வீடு, முன்னறையில் கல்யாண போட்டோ. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தில் வேலுத்தாய் போட்டோவைப் பார்த்தாள். மணப்பெண்ணுக்குப் பின்னால், இளவயசாக, நெற்றி நிறைய விபூதியோடு ஞானகுரு நின்றுகொண்டிருந்தார்.

“அது எங்க அண்ணன்,” என்றாள் அமிர்தம், செம்பை நீட்டியபடி.

வேலுத்தாய் தண்ணீரைக் குடித்தாள். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. பிறகு பெட்டியைத் திறந்து இலையை எடுத்து நீட்டினாள்.

“இது உங்க எலை. குடுக்கணும், அதுக்குத்தான் வந்தேன். கையெழுத்துக் கேட்டு வரல. அண்ணன் தங்கச்சிக்குள்ள நான் நிக்க மாட்டேன்.”

இலை அமிர்தத்தின் கையில் தாளானது. அவள் படித்தாள். அன்றைக்கு அண்ணன் கடையில் இல்லை, கடை ஆள்தான் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தான் என்று மெதுவாகச் சொன்னாள். கதிர் வைக்கவில்லை என்று அண்ணனிடம் சொல்லக்கூட இல்லையாம். சொன்னால் கடைக்குக் கெட்ட பெயராகுமே என்று இருந்துவிட்டாளாம்.

“உங்க வீட்டுல மொத பிடி யாரு போட்டது?” என்று கேட்டாள் வேலுத்தாய்.

உள்ளறையில் மாமியார் இருமுகிற சத்தம் கேட்டது. அமிர்தம் தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள், சுட்டுக்கொண்ட கையை மறைப்பது போல. வேலுத்தாய்க்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தக் கையை வெளியே எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.

சித்திரையில் விசாரணை வந்தது. ஆணையத் தலைவர் நரைத்த தலை, கறாரான மனுஷி. முப்பத்திரண்டு பேர் வேலுத்தாயோடு கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அறையில் உட்கார இடமில்லாமல் வராந்தாவிலும் நின்றார்கள். வக்கீல் சளைக்கவில்லை. மண் என்றார், மழை என்றார், எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றார், விதையில் கலப்படம் என்று காட்ட ஒரு விதையாவது மிச்சம் இருக்கிறதா என்றார். எல்லாரும் விதைத்துத் தீர்த்தவர்கள், ஒருவரிடமும் இல்லை. கடைசியில், முதல் பிடி போட்டவரின் கைராசி குறித்து அந்த ஊராரே பேசுகிறார்கள் என்றும் சொன்னார்.

“கைராசி எந்தச் சட்டத்துல, எத்தனாவது பிரிவுல வருதுன்னு சொல்லுங்க, படிச்சிட்டு வரேன்,” என்றார் தலைவர்.

வராந்தாவில் சிரிப்பு எழுந்து, எழுந்த வேகத்தில் அடங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள், இடுப்பில் பாதி மூட்டை. மிச்ச விதை இருந்ததால் புதைக்காமல் விட்ட அட்டை அப்படியே தொங்கியது. அவள் மூட்டையை மேஜைக்கு முன்னால் இறக்கினாள். யாரையும் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள்.

“அண்ணே, நான் வெதைச்சது போக இது மிச்சம். வேலுத்தாயக்கா கை ராசி இல்லாத கைன்னு சொன்னியாமே. உன் தங்கச்சி கையும் அப்படித்தானா? எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுதாங்க. நீயும் ஒரு தடவை சொல்லிரு, கேட்டுக்கிடுதேன்.”

ஞானகுரு எழுந்துவிட்டார். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்ததும் அவருக்குத் தெரியவில்லை.

“ஏ அமிர்தம்! அந்த மூட்டைய உனக்கு எவன் தந்தான்? உனக்குன்னு நல்ல மூட்டை தனியா எடுத்து வச்சிருந்தேனே!”

சுருக்கெழுத்து எழுதுகிறவர் தலைவரைப் பார்த்தார். “எழுதிக்கோங்க,” என்றார் தலைவர். “சொன்னபடியே, ஒரு வார்த்தை விடாம.”

மூட்டை விதைப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. கோழித்தீவனச் சோளத்துக்குச் சாயம் ஏற்றியது என்று எழுத்தில் வந்தது. முப்பத்து மூன்று பேருக்கும் நஷ்ட ஈடு என்று உத்தரவாயிற்று. கையெழுத்துப் போடாதவர்களும் பில்லைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம் என்று தலைவர் தானாகவே ஒரு வரி சேர்த்தார். மூட்டைகள் அடுக்கியிருந்த கிட்டங்கிக்குச் சீல் வைத்து, கடை உரிமத்தை எடுத்தார்கள். ஆறு பெண்களும் ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு வந்து, தங்கள் தங்கள் இலையைக் கிள்ளிக்கொண்டு போனார்கள். இலையெல்லாம் போனதும் செடி சாதாரணக் குச்சியாகக் காய்ந்தது, ஆடு அதை முறித்துத் தின்றது.

அடுத்த புரட்டாசி வந்தது. மழை இறங்கியது, கரிசல் நெகிழ்ந்தது. டவுனில் புதிதாக இரண்டு விதைக்கடைகள் வந்திருந்தன. மற்ற தெருக்காரர்கள் முந்திக்கொண்டு விதைத்தார்கள். சீனியம்மா மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வேலுத்தாயின் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

“மதினி, இந்த வருசம் என்ன வெதை எடுக்க? சொல்லு.”

வேலுத்தாய் கையை முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

“எனக்குத் தெரியலையே தாயி,” என்றாள். “போன தடவ இதே கையிலதான் உருட்டிப் பாத்தேன், ஏமாந்துட்டேன். இனிமே கண்ணால பாத்துச் சொல்ல மாட்டேன். நாலு இடம் போகணும், விசாரிக்கணும், மொளைக்கப் போட்டுப் பாக்கணும். எட்டு நாளாவது ஆகும். அதுக்குள்ள ஈரம் காஞ்சிரும். நீங்க காத்துக் கெடக்காதீங்க, வெதைச்சிருங்க.”

சீனியம்மா மற்றவர்களைப் பார்த்தாள். திரும்பிப் போனார்கள்.

மறுநாள் வேலுத்தாய் பஸ்ஸுக்குப் போகிற வழியில் பார்த்தாள். பாதைக்கு இரண்டு பக்கமும் விதைப்பு முடிந்த புஞ்சைகள் கோடு கோடாகக் கிடந்தன. நடுவில் அந்த ஆறு பேரின் புஞ்சைகள் மட்டும் உழுது, பதமாக, ஒரு விதைகூட விழாமல் ஈரத்தோடு கிடந்தன. எட்டு நாள் கழித்து, ஈரம் காயத் தொடங்கிய பிறகு அவள் திரும்பி வந்த அன்றும் அவை விதை விழாமல் அப்படியே கிடந்தன.